மஞ்சளடித்த வயலுக்கு யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன்

நெல் நடவு முடிந்து மூன்று வாரம். பச்சை பிடித்துத் தூர் கட்ட வேண்டிய பயிர் எலுமிச்சை நிறத்தில் சோர்ந்து நிற்கிறது. மடையில் கால் கழுவ வந்த பக்கத்து வயல் சித்தப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, மாவுக்கு அஞ்சு கிலோ யூரியாவ அள்ளி வீசு, நாலு நாள்ல கருகருன்னு வந்துரும்" என்கிறார். காமாலைக்குக் கீழாநெல்லி சொல்வது மாதிரி, காவிரி டெல்டாவில் யாரும் யோசிக்காமல் சொல்லும் மருந்து இது (ஒரு மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு).

சில நேரம் கருக்கும். பல நேரம் கருக்காது. சாப்பாடு வயலிலேயே கிடக்க, பயிர் அதை உள்ளே இழுக்கும் வழி அடைத்துப் போயிருக்கும். எந்த வழி அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

நெல்லுக்கு உள்ளே போகும் வழி மூன்று. இலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கரியமில வாயு போகிறது. பத்தாயிரம் பங்கு காற்றில் அது நாலு பங்குதான்; ஆனாலும் காய்ந்த வைக்கோல் கட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்த வாயுவிலிருந்து வந்த கரி. இரண்டாவது, வேர் வழியாகத் தண்ணீர். இதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குகூடப் பயிரில் தங்காது. மீதி அத்தனையும் அதே இலைத்துளைகள் வழியாக ஆவியாகிவிடும். அந்த ஆவிதான் கீழிருந்து தண்ணீரை மேலே இழுக்கும் கயிறு. மூன்றாவது, தண்ணீரில் கரைந்த தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), துத்தநாகம் முதலிய சத்துகள். இவை சும்மா மிதந்து உள்ளே போய்விடுவதில்லை. வேர் தன் சக்தியைச் செலவழித்து இழுக்கிறது. அந்தச் சக்திக்கு வேர் மூச்சுவிட வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

பயிர் மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் நம் பாட்டன்மார்களும் நினைத்தார்கள், ஐரோப்பாவிலும் நினைத்தார்கள். பெல்ஜியத்து வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை எடை போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ். 1648-இல் அச்சான கணக்கு இது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டியது தப்பு, காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு அவுன்ஸ் இல்லாமலும் மரம் இல்லை. நம் சண்டை எல்லாம் அந்த இரண்டு அவுன்ஸைப் பற்றித்தான்.

முதல் சோதனை: விடிந்ததும் வயலுக்குப் போங்கள்

காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். இலை நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு நுனியிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு நிற்கும். அதைப் பனித்துளி என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். பனி இலை முழுக்கப் படரும். இது நுனியில் மட்டும் நிற்கும். இரவு முழுக்க வேர் கீழிருந்து தள்ளிய தண்ணீர், ஆவியாக வழியில்லாமல் நுனியில் கசிந்து நிற்கிறது. சொட்டு இருந்தால் வேர் வேலை செய்கிறது. அண்டை வயலில் எல்லா நுனியிலும் சொட்டு நின்று, உங்கள் வயலில் மட்டும் இல்லையென்றால் கோளாறு வேரில். காற்றடித்த இரவுக்கு அடுத்த காலையில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

அடுத்து ஒரு தூரைப் பிடுங்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் வேர் அறுந்து சேற்றில் நின்றுவிடும். கையை உள்ளே விட்டு, சேற்றோடு அள்ளி, வாய்க்கால் தண்ணீரில் அலசுங்கள். வேரின் நிறத்தைப் பாருங்கள், மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். அப்புறம் இரண்டு கேள்வி. மஞ்சள் கீழ் இலையிலா, மேல் குருத்திலா? வயல் முழுக்கவா, திட்டுத் திட்டாகவா?

திட்டு வட்டமாகக் காய்ந்து, தூரை விலக்கினால் தண்ணீர் மட்டத்தில் பூச்சி மொய்த்தால் அது புகையான். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. இரண்டுக்கும் இந்தக் குறிப்பில் மருந்து இல்லை.

வயல் முழுக்கச் சீராக வெளுத்து, கீழ் இலை முதலில் மஞ்சளானால்

வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்து வாடையும் இல்லையென்றால் சித்தப்பா சொன்னது சரி. தழைச்சத்துக் குறைவுதான். தழைச்சத்து பயிருக்குள் நடமாடும் சரக்கு. பற்றாக்குறை வந்தால் கிழ இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால்தான் கீழே முதலில் பழுக்கிறது.

எவ்வளவு பற்றாக்குறை என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இலை வண்ண அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலில் இலையை வைத்து, முழுசாக விரிந்த மேல் இலைகள் பத்தை அட்டையில் எண் போட்டிருக்கும் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு எல்லை எண் 3, மற்ற பெரும்பாலான நடவு ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே போனால் யூரியா போடலாம், போகாவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

போடும் விதத்தில்தான் பாதி யூரியா பாழாகிறது. கணுக்கால் தண்ணீர் நிற்க, அதில் பாசி படர்ந்திருக்க, பகல் பதினோரு மணிக்கு வீசுகிறோம். அந்த நேரத்தில் பாசி சும்மா இருப்பதில்லை. அதுவும் பயிர்தானே; தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை வெயிலில் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த வாயுதான் தண்ணீரில் லேசான புளிப்பாக இருந்தது. அது போனதும் உச்சி வேளையில் வயல் தண்ணீரின் கார அமில நிலை (pH) 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் யூரியாவிலிருந்து வந்த அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்தை ஆகாயத்துக்கு வீசுவது என்றால் இதுதான். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவாயிற்றே என்று கேட்கலாம். பூச்சு கொஞ்சம் மெதுவாக்கும், இந்த இழப்பைத் தடுத்துவிடாது.

தண்ணீரை வடியுங்கள். சேறு தெரியட்டும். சாயங்காலம் யூரியாவை இடுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தண்ணீர் கட்டுங்கள்.

யூரியா போட்டும் கருக்கவில்லை, வேர் கறுப்பு, அழுகிய முட்டை வாடை

டெல்டாவின் சொந்த வியாதி என்று எதையாவது சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு ஒரு போகம் இதில் போயிருக்கிறது.

முதல் போகமான குறுவையை மெஷின் வைத்து அறுத்தோம். வைக்கோலைக் கட்டாமல் அப்படியே மடக்கி உழுது, நாலாம் நாள் அடுத்த போகமான தாளடி நடவு. அவசரத்துக்குக் காரணம் இருந்தது: நடவு ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தார்கள், வாய்க்காலில் முறைத் தண்ணீரும் அன்றைக்குத்தான். பதினைந்தாம் நாள் பயிர் மஞ்சள். யூரியா போட்டேன். இருபதாம் நாள் இன்னும் மஞ்சள். மறுபடியும் போட்டேன். உரக்கடைக்காரர் ஒரு டானிக் பாட்டிலையும் தலையில் கட்டினார். கடைசியில் களை எடுக்க வந்த அம்மாதான், காலைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டே சொன்னார்: "அடி மண்ணு நாறுதுங்க. வேரு மூச்சு முட்டிக் கெடக்கு. தண்ணிய வுடாதீங்க."

படித்தவன் இரண்டு மூட்டை யூரியாவில் கண்டுபிடிக்காததை அவர் பாதத்தில் கண்டுபிடித்தார்.

நடந்தது இதுதான். நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு வேரைக் குறுக்கே நறுக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி அறை அறையாகத் தெரியும். இலை வாங்கும் ஆக்சிஜன் அதன் வழியாக வேர் நுனிவரை போகிறது, கொஞ்சம் வெளியிலும் கசிகிறது. கசிந்த ஆக்சிஜன் சேற்றிலிருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரின் மேல் பூசும். நல்ல நெல் வேர் செம்பழுப்பாக இருப்பது அந்தத் துருவால்தான். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மக்காத தாளும் வைக்கோலும் சேற்றுக்குள் அழுகும்போது, மண்ணில் மிச்சமிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் முடித்துவிட்டு, கந்தகத்தை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்குகின்றன. முட்டை வாடை அதுதான். அது வேரின் மூச்சையே நிறுத்தும். மூச்சு நின்ற வேரைச் சுற்றி எவ்வளவு தழைச்சத்து இருந்தாலும் ஒரு துளி உள்ளே போகாது. துரு கறுத்துப் போவதால் வேரும் கறுப்பாகிறது.

தாளடி என்ற பெயரே அறுத்த தாளின் அடிக்கட்டையில் நடுவதைத்தான் சொல்கிறது. பழைய காலத்தில் வைக்கோலைக் கட்டி மாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடிக்கட்டை மட்டும் மண்ணுக்குப் போனது. இப்போது மெஷின் முழு வைக்கோலையும் வயலிலேயே துப்பிவிட்டுப் போகிறது. அந்தக் கணக்கை நாம் மாற்றிக்கொள்ளவில்லை.

செய்ய வேண்டியது தண்ணீரை முழுக்க வடிப்பது. சேறு இறுகி மயிரிழை வெடிப்பு விழும்வரை விடுங்கள். விரல் நுழையும் வெடிப்பு விழ விடாதீர்கள், களிமண்ணில் அப்புறம் தண்ணீர் நிற்காது. வெடிப்பு விழுந்ததும் மெலிசாகத் தண்ணீர் கட்டுங்கள். மறுபடி ஒரு தூரை அலசினால் அடித்தண்டிலிருந்து புதிதாக வெள்ளை வேர் கிளம்பியிருக்கும். அந்த வெள்ளை வேரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலுரம். பூக்கும் நேரத்தில் மட்டும் இப்படிக் காய விடக்கூடாது, பதராகிவிடும்.

இதற்கு நிரந்தர ஏற்பாடு ஒரு முழ நீளப் பிவிசி குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு வரப்போரம் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மட்டம் வயல் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் தண்ணீர் கட்டினால் போதும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் வேருக்குத் தண்ணீர் எட்டும். நடுவில் மூச்சும் கிடைக்கும். சித்தப்பாவுக்கு இந்தக் குழாய் இன்னும் வேடிக்கைதான். "வயலுக்கு டெம்பரேச்சர் பாக்குறியா?" என்பார்.

நட்ட மூன்றாம் வாரம் கீழ் இலைகளில் துருப்புள்ளி, பயிர் குட்டை

புள்ளிகள் சேர்ந்து இலையே செங்காவி படிந்தது போல ஆகும். குருத்திலையின் அடிப்பக்க நடுநரம்பு வெளுத்திருக்கும். துத்தநாகக் குறைவு. 1966-இல், இன்றைய உத்தராகண்டில் இருக்கும் பந்த்நகரில் ஆய்வாளர் ஒய்.எல்.நேனே கண்டுபிடித்துச் சொல்லும்வரை வடக்கே இதைக் கைரா நோய் என்று சொல்லிக் காரணம் தெரியாமல் இருந்தார்கள். பூசணமும் இல்லை, பூச்சியும் இல்லை.

தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் வயலிலும், உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் பாயும் வயலிலும் துத்தநாகம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வேருக்கு வராது. அடியில் ஜிங்க் சல்ஃபேட் போட்டேனே என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மணிச்சத்து உள்ள டி.ஏ.பி. உரத்தோடு கலந்து வீசினீர்களா? கலந்திருந்தால் மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கரையாமல் கிடக்கும். நடவுக்கு முன் சேற்றின் மேல் மணலோடு கலந்து தனியாகத்தான் தூவ வேண்டும். எக்டருக்கு 25 கிலோ, நம் கணக்கில் மாவுக்கு மூணேகால் கிலோ. நட்ட பிறகு கண்டுபிடித்தால் இலை வழிதான்: பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்ஃபேட், 100 கிராம் யூரியா, வாரம் ஒரு தடவையாக இரண்டு மூன்று தெளிப்பு. நெல் இலை தண்ணீரை ஒட்டவிடாது, உருட்டித் தள்ளிவிடும். ஒட்டுப் பசை சேர்க்காமல் அடித்தால் மருந்து சேற்றுக்குத்தான் போகும்.

குருத்து வெளுத்து, கீழ் இலை பச்சையாக இருந்தால்

மேட்டுப்பாங்கான நாற்றங்காலிலும், காய்ந்த நிலத்தில் நேரடியாக விதைத்த வயலிலும் வரும். இரும்பு பயிருக்குள் நடமாடாத சரக்கு, கிழ இலையிலிருந்து குருத்துக்குப் போகாது. நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் வெளுத்தால் இரும்பு. தண்ணீர் கட்டிச் சேறாக்கினாலே பாதி சரியாகிவிடும். சேற்றில் இரும்பு கரையும். இலை முழுக்கச் சீராக வெளுத்தால் கந்தகம், ஜிப்சம் கொடுங்கள்.

தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் காலை பத்து மணிக்கே இலை சுருளுகிறது

உச்சி வெயிலில் கொஞ்சம் சுருண்டால் கவலை இல்லை. பத்து மணிக்கே சுருண்டு, இலை நுனி வெள்ளையாகத் தீய்ந்து, திட்டுத் திட்டாக இருந்தால் உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துக் கடைமடையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை.

மாவடு போடும்போது பாருங்கள். கல்லுப்பைப் போட்ட மறுநாள் வடு சுருங்கிவிடும், ஜாடியில் தண்ணீர் நிற்கும். உப்பு அதிகமிருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். உவர் வயலில் வேரின் நிலை அதுதான்: சுற்றிலும் தண்ணீர், உள்ளே இழுக்க முடியவில்லை. தண்ணீர் வரவில்லை என்றதும் பயிர் இலைத்துளைகளைச் சாத்திவிடும். சாத்தினால் தண்ணீர் மிச்சம், ஆனால் அதே கதவு வழியாக வர வேண்டிய கரியமில வாயுவும் வராது. அந்தக் கதவைத் திறந்து மூடுவதில் சாம்பல் சத்துக்குத்தான் பெரிய பங்கு. பொட்டாசுக்குக் காசு மிச்சம் பிடிப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் ஜிப்சம் என்ற பெயரில் நிறையப் பணம் கரைகிறது. உவர் வேறு, களர் வேறு. உவருக்கு நல்ல ஆற்றுத் தண்ணீரை நிறுத்தி வடித்து, நிறுத்தி வடித்து, கழுவுவதுதான் மருந்து. ஜிப்சம் களருக்குத்தான் வேண்டும்; சோடியம் மண்ணோடு ஒட்டி, காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் சோப்புக் குழம்பாகவும் ஆகும் மண் அது. எது என்று மண் பரிசோதனை சொல்லும். களருக்குத் திருச்சி-1, திருச்சி-3 மாதிரி தாங்கும் ரகங்களும் இருக்கின்றன.

கரும்பச்சை, தளதளப்பு, ஆனால் பதர்

ஊரே மெச்சும் வயல். கதிர் வந்ததும் சாயும். யூரியா கூடிப்போய் இலை மேல் இலை படர்ந்து, கீழ் இலைக்கு வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாத இலை கரியமில வாயுவைச் சேர்க்காது, இருக்கிற சர்க்கரையைத் தின்னும். நெல் மணியின் மாவில் பெரும்பங்கு பூத்த பிறகு, கதிருக்கு அடுத்துக் கீழே இருக்கும் கண்ணாடி இலையும் அதற்கடுத்த இரண்டு இலையும் சம்பாதிப்பது. அடுத்த போகத்தில் அட்டையைப் பார்த்து யூரியா போடுங்கள். இந்தப் போகத்துக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

மழையில் மூழ்கி எழுந்த சம்பா

ஐப்பசி கார்த்திகையில் வயல் மூழ்கினால் பயிர் முதலில் தவிப்பது காற்றுக்கு. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். ஆனாலும் நெல் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் நல்ல நெல் இலையை அமுக்கிப் பாருங்கள், வெள்ளித் தகடு மாதிரி மின்னும். இலையின் மேல் ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் அது. தெளிந்த தண்ணீரில் பயிர் அதன் வழியாகச் சில நாள் சுவாசிக்கும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சமும் போய்விடும், சேறும் படியும், படலமும் நாளாக ஆகக் கழன்றுவிடும். சி.ஆர்.1009 சப்-1 என்ற நெல் ரகம் இரண்டு வாரம்வரை தாங்குவது வேறு வகையில்: உயரம் வளர்ந்து தப்பிக்கப் பார்க்காமல், கையிலிருக்கும் சர்க்கரையைச் செலவழிக்காமல் படுத்துக் கிடக்கும்.

வடிந்த அன்றே யூரியா மூட்டையோடு இறங்காதீர்கள். வடிகாலை வெட்டி முழுக்க வடியுங்கள். இலையில் சேறு காய்ந்திருந்தால் கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். தூரைப் பிடுங்கி, தண்டின் அடியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும், நசநசவென்று பழுப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் தூர்களைக் கலைத்து அந்த இடத்தில் நட வேண்டும். புது வேர் கண்ட பிறகு யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று என்று கலந்து, ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பொட்டாசையும் சேர்த்து இடுங்கள்.

தாளடிக்குப் பின் வரும் உளுந்து மஞ்சளானால்

அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள் ஈரத்தில் வீசிய உளுந்துக்கு அடியுரம் கிடையாது. மஞ்சள் திட்டும் பச்சைத் திட்டும் மாறி மாறிப் பளிச்சென்று இருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த மஞ்சள் தேமல். அந்தச் செடியைப் பிடுங்கிப் புதையுங்கள். சீரான வெளுப்பு என்றால் செடியைக் கிளறி எடுத்து, வேரிலிருக்கும் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ரத்தம் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் செடி காற்றிலிருந்தே தழைச்சத்து எடுத்துக்கொண்டிருக்கிறது, யூரியா வேண்டாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது. இரண்டிலும் பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கலாம். பத்து லிட்டருக்கு 200 கிராம் என்று முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். அடி வண்டலை ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடியுங்கள்.